நிறைநாழிக்குத் தெரியாத சொல்

மங்கையர்க்கரசியின் கல்யாணத்துக்கு வருவதாக ஆயிரத்து எழுநூறு பேர் வாக்குக் கொடுத்திருந்தார்கள். மண்டபத்தில் நானூறு பேருக்குத்தான் காற்று இருந்தது.

தரையில் நடக்கிற கல்யாணமாக இருந்தால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பந்தலை நாலு முழம் நீட்டி, சாம்பாரில் இரண்டு குடம் வெந்நீரை ஊற்றினால் தீர்ந்தது. ஆனால் ஆழிப்பட்டி, தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலுக்கு அடியில் இருக்கிற ஊர். அங்கே சாம்பாரை நீட்டலாம், காற்றை நீட்ட முடியாது. எந்தக் கூடத்தில் எத்தனை பேர் மூச்சுவிடலாம் என்று காற்று அலுவலகம் அளந்து வைத்திருக்கும். ஆட்கள் அதிகமானால் மணி அடிக்கும். ஒரு விசேஷத்துக்கு வருகிற கூட்டம் ரொம்பவே அதிகம் என்று முன்கூட்டியே தெரிந்தால், தரையிலிருந்து ஆட்களை இறக்குகிற தொட்டில்வண்டி அன்றைக்கு ஓடாது. கல்யாணமும் நடக்காது.

வண்டியை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியின் பெயர் ஆவுடையப்பன். மாப்பிள்ளையின் பெயரும் அதுதான்.

"வியாழக்கிழமைக்குள்ள எண்ணிக்கை எறங்கலேன்னா நிறுத்திருவேன், அரசி" என்றான் அவன், காப்பியை ஆற்றிக்கொண்டே.

"ஒன் கல்யாணத்தையேவா?"

"என் கல்யாணம்னா ஒருநாள் முந்தியே நிறுத்திருவேன். இல்லேன்னா வேண்டப்பட்டவன்னு விட்டுட்டாம்பாக."

இந்த மாதிரி ஆளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் இரண்டு வருஷம் ஒற்றைக்காலில் நின்றிருந்தாள். யாரைக் குறை சொல்ல? கல்யாணத்துக்கு அடுத்த திங்கட்கிழமை அவன் லட்சத்தீவுக்கு அந்தப் பக்கம் புதிதாக எழும்புகிற கடலடி ஊருக்குப் போகவேண்டும். மூன்று வருஷ வேலை. மனைவி என்றால் கூடவே அழைத்துப்போகலாம். கல்யாணம் நிச்சயமானவள் என்றால் கரையில் நின்று கையாட்டலாம். இந்த முகூர்த்தத்தை விட்டால் அவளுக்குக் கிடைக்கப்போவது கையாட்டுகிற வேலைதான்.

ஆயிரத்து எழுநூறு பேரும் வரமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், கடலில் திரிகிற மீனுக்கும் தெரியும். ஆனால் அவர்களில் யார் வரமாட்டார்கள்? அதைத் தெரிந்துகொள்ள நிறைநாழியிடம் கேட்கவேண்டும். அங்கேதான் வந்தது வினை, ஏனென்றால் நிறைநாழியைச் செய்தவளே மங்கையர்க்கரசிதான்.

ஆழிப்பட்டியின் சகல விவரங்களும் ஒரே களஞ்சியத்தில் இருந்தன. யார் எங்கே இருக்கிறார்கள், யார் என்ன சாப்பிட்டார்கள், எந்தக் குழாயை எப்போது மாற்றினார்கள், யார் யாரைக் கல்யாணத்துக்கு அழைத்தார்கள், எல்லாமே. முன்பு அதைப் பார்க்க ஒரு திரை இருந்தது. கட்டம் கட்டமாக விவரங்கள், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே கோடுகள். எந்தக் கோட்டைப் பிடித்து எந்தக் கட்டத்துக்குப் போவது என்று ஊரில் ஆறேழு பேருக்குத்தான் தெரியும். மற்றவர்கள் அந்தத் திரையைக் கண்டாலே கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி விழிப்பார்கள். அரசிதான் அதைத் தூக்கிக் கடாசிவிட்டு, சுவருக்குச் சுவர் ஒரு இனிய குரலை வைத்தாள். வாயைத் திறந்து கேட்டால் போதும், சொல்லும். கல்யாண வீட்டில் நெல்லை நிரப்பி வைக்கிற படியின் பெயரையே அதற்கும் வைத்தாள்.

சோதனை ஓட்டத்தின்போது வடிவு என்ற பெண், தன் தங்கையின் வளைகாப்பன்று காலையில், ஊரின் சரக்குக் கிட்டங்கியில் குங்குமப்பூ இருக்கிறதா என்று நிறைநாழியிடம் கேட்டாள். குரல் பளிச்சென்று "இல்லை" என்றது. வடிவு உட்கார்ந்து அழுதுவிட்டாள். நல்ல நாளும் அதுவுமாக இப்படியா சொல்வது? வீட்டில் உப்புத் தீர்ந்தால்கூட 'நிறைஞ்சிருக்கு, வாங்கணும்' என்றுதானே சொல்லுவோம்? அரசிக்குச் சுருக்கென்றது. அவளுடைய அம்மா கோமதியம்மாளும் அரிசிப்பானை காலியானால் அப்படித்தான் சொல்வாள்.

அன்று மத்தியானமே அரசி அந்தச் சொல்லை எடுத்துவிட்டாள். நிறைநாழி 'இல்லை' என்று சொல்லாது. யாராவது 'இல்லை'யை வைத்துக் கேட்டாலும் அதற்குப் புரியாது. கேள்வியை நல்லபடியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, என்ன இருக்கிறதோ அதைச் சொல்லும். குங்குமப்பூ கேட்டால், மஞ்சள் இருக்கிறது, சந்தனம் இருக்கிறது என்று வாய்நிறையச் சொல்லும். ஊரே சொக்கிப்போனது. ஊர்ச் சபையில் அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள்.

ஆவுடையப்பன் ஒருத்தன்தான் சண்டைக்கு வந்தான். "கேக்கவுக மொகம் கோணக்கூடாதுன்னு கேள்வியவே பிடுங்கிட்டியே" என்றான். காற்றை அளக்கிறவனுக்கு மங்கலம் என்றால் என்னவென்று தெரியுமா என்று அவள் திருப்பிக் கேட்டாள். சண்டை வாரக்கணக்கில் நீண்டது. ஒருநாள் அவன் சண்டைக்கு வரவில்லை, சளியில் தொண்டை கட்டியிருந்தது. அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர்களுடைய காதல் தொடங்கியது இப்படித்தான்.

ஊர் பழகிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் இன்று யார் வரவில்லை என்று டீச்சர் கேட்டால், வந்திருக்கிற பிள்ளைகளின் பெயரையெல்லாம் நிறைநாழி பாராட்டோடு வாசித்தது. கொஞ்ச நாளில் டீச்சர் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்க முடியாததைக் கேட்காமல் இருந்து பழகுவது மனிதர்களுக்கு அப்படியொன்றும் கஷ்டமில்லை.

இப்போது கல்யாணத்துக்கு வருவோம். அரசியின் அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அதனால் அழைக்கிற வேலையைக் கோமதியம்மாள் தன் தங்கை பூரணத்திடம் ஒப்படைத்திருந்தாள். பூரணம் சித்திக்கு வேறென்ன வேண்டும்? முறைப்படி யாரையெல்லாம் அழைக்கவேண்டும் என்று நிறைநாழியிடம் கேட்டு, அது சொன்ன பெயர்களையெல்லாம் பிடித்துக்கொண்டு, குங்குமச் சிமிழோடு தரைக்கு ஏறிவிட்டாள். ஏரல், ஸ்ரீவைகுண்டம், கோவில்பட்டி, திருச்செந்தூர் என்று ஒரு வீடு விடவில்லை. அத்தனை வீட்டிலும் ஒரே பதில், குடும்பத்தோட வந்துருவோம். அந்தச் சீமையில் குங்குமத்தை நீட்டுகிறவளின் முகத்தைப் பார்த்து வேறு பதில் சொல்ல இன்னும் ஒரு ஆள் பிறக்கவில்லை. காலில் மாவுக்கட்டுடன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஏரல் அங்கப்பன் மாமாவும் வந்துருவோம் என்றார். சித்தி அத்தனையையும் சந்தோஷமாக நிறைநாழியிடம் ஒப்பித்தாள்.

அரசி சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"நிறைநாழி, என் கல்யாணத்துக்கு வராதவங்க யாரு?"

"உங்க கல்யாணத்துக்கு வர்றவங்களைச் சொல்றேன்" என்றது குரல், பாயசம் மாதிரி. "ஏரல் அங்கப்பன், குடும்பத்தோட ஏழு பேர்..."

நிறுத்தச் சொன்னாள். வேறு மாதிரி கேட்டாள். அன்றைக்கு வீட்டிலேயே இருக்கப்போகிறவர்கள் யார்? வீட்டில் இருக்கிற எல்லோருமே உங்கள் கல்யாணத்துக்குத்தான் வருகிறார்கள் என்றது. அதே முகூர்த்தத்தில் வேறு கல்யாணத்துக்கும் வருவதாகச் சொன்னவர்கள் யார்? இதற்கு மட்டும் பதில் வந்தது, தொள்ளாயிரம் பேர். சில பேர் ஒரே நேரத்தில் ஐந்து கல்யாணத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அரசிக்கு வாயெல்லாம் பல். அப்படியானால் இவர்கள் என் கல்யாணத்துக்கு எப்படி வருவார்கள் என்று மடக்கினாள். "எல்லாக் கல்யாணத்துக்கும் வந்து வாழ்த்துவாங்க" என்றது நிறைநாழி.

அவள் சுவரை ஓர் உதை உதைத்தாள். தான் செய்த சுவர், தான் வைத்த குரல், அதன் இனிப்பெல்லாம் தன் கையால் போட்டது என்று நினைக்க நினைக்க எரிச்சல் தாங்கவில்லை. அந்தச் சொல்லைத் திரும்பச் சேர்க்கலாமென்றால், எடுக்க ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது, சேர்க்க மூன்று மாதம் வேண்டும். நிறைநாழிக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் காற்று அலுவலகத்துக்குப் போய் ஆவுடையப்பனிடம் தோல்வியை ஒப்புக்கொண்டாள். அவன் சிரிக்கவில்லை. அதுவே பெரிய விஷயம். எழுந்துபோய் மூலையில் போர்த்தியிருந்த துணியை விலக்கினான். உள்ளே பழைய திரை, கட்டமும் கோடுமாக, அதே அவலட்சணத்தோடு இருந்தது.

"இதைத் தூக்கிப்போடச் சொன்னேனே, ஆவுடை."

"காத்து எங்க இருக்குன்னு கேட்டு நான் என்ன செய்ய? எங்க இல்லைன்னுதான எனக்குத் தெரியணும்" என்றான் அவன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு விரல்களுக்கு ஞாபகம் வந்தது. இந்தக் கட்டம் முந்தைய கல்யாணங்களுக்கு வருகிறேன் என்றவர்கள். அந்தக் கட்டம் தொட்டில்வண்டியில் உண்மையிலேயே இறங்கியவர்கள். நடுவில் ஒரு கோடு. இதில் இருக்கிற, ஆனால் அதில் இல்லாதவர்கள் யார்?

திரை கொட்டித் தீர்த்தது. பத்துக் கல்யாணத்துக்கு வருவதாகச் சொல்லி ஒன்றுக்குக்கூட இறங்காதவர்கள், கடலைக் கண்டாலே தலைசுற்றுகிறவர்கள், வண்டிக்குச் சீட்டு எடுத்துவிட்டுக் கரையிலேயே பரோட்டா சாப்பிட்டுத் திரும்பியவர்கள். எல்லோரையும் கழித்துப் பார்த்தால் முந்நூற்றுச் சொச்சம் பேர்தான் மிஞ்சினார்கள். சட்டப் புத்தகத்தில் 'வருவார் என எதிர்பார்க்கப்படுவோர்' என்றுதான் இருந்தது. ஆவுடையப்பன் அந்த வரியை இரண்டு தரம் படித்தான், திரையைப் பார்த்தான், வண்டி ஓடலாம் என்று கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டுக் காதுவரை சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததே கிடையாது.

அரசிக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை காலம் வாயைக் கட்டிப் போட்டிருந்தவள் மாதிரி கேட்கத் தொடங்கினாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒருநாள்கூட லீவு எடுக்காதவர் யார்? ஆவுடையப்பன். வாங்கிய புத்தகத்தை நூலகத்தில் திருப்பித் தராதவர் யார்? அதற்கும் ஆவுடையப்பன். அவன் காது சிவந்தது. இந்த மாதம் ஒருதடவைகூட ரிப்பேர் ஆகாத குழாய் எது? அப்படி ஒரு குழாய் கிடையாது. 'இல்லை' என்று திரையில் விழும்போதெல்லாம் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். அந்தச் சொல்லுக்கு இத்தனை ருசி உண்டென்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் அதையும் கேட்டாள். நிறைநாழி வந்த பிறகு ஆழிப்பட்டியில் எந்தக் கல்யாணத்துக்கும் அழைக்கப்படாதவர்கள் யார்? ஒருத்தரும் இருக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். ஊரே கூடிச் சாப்பிடுகிற ஊர் அல்லவா?

நாற்பது பெயர்களுக்கு மேல் வந்தன. எல்லோரும் தெரிந்தவர்கள்தான். புருஷனை இழந்த பெண்கள், புருஷனை விட்டு வந்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தம்பதி. நடுவில் ஓர் இடத்தில் கோமதி என்றிருந்தது. வீட்டு எண் அவளுடைய வீட்டு எண்.

"இது தப்பு" என்றாள் அரசி. "எங்கம்மா எல்லாக் கல்யாணத்துக்கும் போறா. பட்டுச்சேலை கட்டிட்டுப் போறா. வரும்போது லட்டு கொண்டு வாரா."

ஆவுடையப்பன் கோடுகளைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனான். நிறைநாழிக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. முதல் சில கல்யாணங்களில் அது சொன்ன பெயர்களில் சிலவற்றை வீட்டுப் பெரியவர்கள் வேண்டாமென்று தள்ளியிருந்தார்கள். மங்கலத்துக்கு இதுதான் முறைபோலும் என்று அது கற்றுக்கொண்டது. பிறகு அந்தப் பெயர்களைச் சொல்வதையே விட்டுவிட்டது. முன்பெல்லாம் ஒருத்தரை விட்டால் விட்டவர்களுக்கு அது தெரியும், கொஞ்சமாவது உறுத்தும். யாராவது ஒருத்தி, ஏட்டி அவளை விட்டுட்டியே என்பாள். இப்போது விட்டுப்போனது யாரென்று கேட்பதற்கே வழியில்லை. அதனால் யாருக்கும் உறுத்தவும் இல்லை.

அரசி வீட்டுக்கு ஓடினாள். கோமதியம்மாள் கல்யாணப் புடவைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ அந்தக் கல்யாணத்துக்கெல்லாம் எங்கம்மா போன?"

அம்மா குஞ்சத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தொட்டில்வண்டி நிலையத்துல உக்காந்திருப்பேன். வாரவுக போறவுகளைப் பாத்துட்டிருந்தா பொழுது போயிரும்."

"லட்டு?"

"அங்கன கேண்டீன்ல விக்கானே."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ செஞ்ச மிசினு ஊருக்கே நல்லதைச் சொல்லுதுன்னு எல்லாரும் ஒன்னைத் தலையில தூக்கி வச்சி ஆடுதாக. நான் அதுல போயி ஒரு கொறை சொல்லணுமாக்கும்?" குஞ்சத்தை முடிந்து பல்லால் கடித்தாள். "ஒன் கல்யாணத்துல உள் ரூம்ல இருந்துக்கிடுதேன். மேளச் சத்தம் அங்க நல்லாவே கேக்கும்."

அரசி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். புடவை நனைந்துவிடும், எழுந்திரு என்று அம்மா அதட்டினாள்.

மறுநாள் அரசியும் ஆவுடையப்பனும் அந்த நாற்பது வீட்டுக்கும் நடந்தார்கள். செண்பகவல்லி டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டு, கூப்பிடத்தான் வந்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த வீடுகளில் ஒருத்தர்கூட வந்துருவோம் என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார்கள். நிறைநாழிக்கு 'இல்லை'யைச் சொல்லிக்கொடுக்கிற மூன்று மாத வேலையை அன்று சாயந்திரமே தொடங்கினாள். லட்சத்தீவிலிருந்தே முடித்துத் தருவதாகச் சபைக்குச் சொல்லிவிட்டாள்.

கல்யாணத்தன்று மேளக்காரர்கள் வருவதற்கு முன்பே அந்த நாற்பது பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் புதுசு உடுத்தி, சுவர் ஓரமாக, எழுந்து போவதற்கு வசதியான இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். தரையிலிருந்து வருகிறவர்களும் திரையின் கணக்குப்படியே வந்தார்கள். வராதவர்கள் வாக்கு மாறாமல் வராமலிருந்தார்கள்.

தாலியை எடுத்துக் கொடுத்தது கோமதியம்மாள். பூரணம் சித்திக்கு முகம் ஒரு நிமிஷம் கறுத்தது. பிறகு என்ன தோன்றியதோ, அவள் போட்ட குலவையில் மண்டபத்துக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. ஆவுடையப்பன் மூன்று முடிச்சும் போட்டு முடிக்க, கதவு திறந்தது. அங்கப்பன் மாமா, மாவுக்கட்டுக் காலோடு, சக்கர நாற்காலியில், பின்னால் தள்ளிக்கொண்டு வந்த ஒரு மருமகனோடு. கரையில் யாரும் நம்பவில்லையாம், சொன்னால் வந்துவிடுவேன் என்று காட்டத்தான் வந்தாராம்.

காற்று மணி அடித்தது. இரண்டு பேர் அதிகம்.

மேளம் நின்றது. எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவன்தானே அதிகாரி. யாரும் எதுவும் சொல்லாமலே செண்பகவல்லி டீச்சரும் பக்கத்தில் இருந்தவரும் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். அவர்களுக்கு அது பழக்கம்.

"யாரும் எந்திரிக்க வேண்டாம், உக்காருங்க" என்றான் ஆவுடையப்பன். "தாலி கட்டியாச்சு. இனி எங்களுக்கு இங்கன என்ன சோலி?"

மாலையும் கழுத்துமாக அரசியின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தான். கதவு சாத்திக்கொண்டது. மணி நின்றது. உள்ளே மேளம் இரண்டு மடங்காக வெளுத்து வாங்கியது.

வெளி நடையில் தரையிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அரசிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பசித்தது. உள்ளே முதல் பந்தி தொடங்கிவிட்டது. வட்டக் கண்ணாடி வழியாக அம்மா தெரிந்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, சமையல்காரரை ஏதோ அதட்டி, கேசரி வாளியைப் பிடுங்கிக்கொண்டு போய், வேண்டாம் வேண்டாம் என்று கையை விரிக்கிற செண்பகவல்லி டீச்சரின் இலையில் இரண்டாவது கரண்டியைப் போட்டாள்.

அரசி கண்ணாடியைத் தட்டினாள். எங்களுக்கும் ஏதாவது அனுப்பு என்று கையால் காட்டினாள். மறுபடியும் தட்டினாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது.